குடத்தில் தெரியும் தெரு

ஏறக்குறைய ஒரே வடிவத்தில் மூன்று குடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மண், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று எவர்சில்வர். காலை வெயிலில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக வைத்து வரைந்து பாருங்கள். டிஜிட்டல் ஓவியத்தில் ரெண்டரிங், அதாவது ஒளி நிழலோடு பொருளை நிஜம் போல வரைவது, பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வடிவம் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். படத்துக்குப் படம் எது மாறுகிறதோ அது முழுக்கப் பொருளின் வேலை. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய வட சென்னை வீடுகளில் குடத்துக்குப் பஞ்சம் இருக்காது, அதனால் செலவும் இல்லை.

நான் தண்டையார்ப்பேட்டைக்காரன். பகலில் ஒரு கேம் ஸ்டுடியோவில் ப்ராப் வரைகிற வேலை: பெட்டி, பீப்பாய், கத்தி, விளக்கு, உடைந்த நாற்காலி. இரவில் எனக்காக வரைகிறேன். எல்லாரையும் போல இணையத்தில் கிடைக்கும் பாடங்களில்தான் தொடங்கினேன். குரோம் உருண்டை, கண்ணாடி உருண்டை, தங்க உருண்டை, மர உருண்டை. அந்தப் பாடங்களுக்கு நான் நிறையவே கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த உருண்டைகள் எல்லாம் எந்த ஊரிலும் இல்லாத ஒரு சாம்பல் நிறப் பின்னணியில் மிதக்கின்றன. நம் தெருவில் எந்தப் பொருளும் அப்படித் தனியாக இருப்பதில்லை. எதிர் வீட்டுப் பச்சைச் சுவர் அதன் மேல் விழுகிறது, வானம் விழுகிறது, காய்கிற சிவப்புப் புடவை விழுகிறது. இதையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது.

முதலில் மண் பானை. பளபளப்பு இல்லாததால் வடிவத்தை மட்டும் படிக்க வசதியானது. ஓவியக் கல்லூரிகளில் காலங்காலமாக வெள்ளைப் பிளாஸ்டர் சிலைகளை வரையச் சொல்வதும் இதற்காகத்தான். பெரியமேட்டில் இருக்கிற நம் அரசு ஓவியக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே படிக்க எனக்கு வாய்க்கவில்லை, பானைதான் எனக்குப் பிளாஸ்டர் சிலை. ஒரு பரப்பு வெளிச்சத்தைப் பார்த்து நேராக நின்றால் முழு வெளிச்சம் வாங்கும், சாய்ந்து நின்றால் குறைவாக வாங்கும். லாம்பெர்ட் என்ற அறிஞர் 1760-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார்: 60 டிகிரி சாய்ந்தால் சரிபாதி வெளிச்சம். இதில் டிஜிட்டலில் வரைகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. திரையில் கறுப்பு 0, முழு வெள்ளை 255. பாதி வெளிச்சம் என்றால் அந்த 255-இல் பாதி இல்லை. எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுமுறையில் இயங்கும் சாதாரணத் திரையில் அது கிட்டத்தட்ட 188. அதாவது 60 டிகிரி திரும்பிய பிறகும் பரப்பு நல்ல வெளிச்சமாகவே தெரியும், அதற்கப்புறம்தான் சட்டென்று இருட்டுக்குள் இறங்கும். புதிதாகப் பழகுகிறவர்களின் படங்களில் வெளிச்சப் பக்கம் அழுக்காகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட ஹாஃப்டோனை ரொம்ப முன்னாலேயே இருட்டாக்கிவிடுகிறார்கள்.

மண் பானை இன்னொரு விதத்திலும் கண்ணை ஏமாற்றும். சொரசொரப்பான பரப்பு லாம்பெர்ட் சொன்னதைவிடத் தட்டையாகத் தெரியும். ஓரங்களும் நடுப்பகுதி அளவுக்கே வெளிச்சமாக இருக்கும். பௌர்ணமி நிலா உருண்டையாகத் தெரியாமல் தட்டு போலத் தெரிவது இதனால்தான். மைக்கேல் ஓரன், ஸ்ரீ நாயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார்கள். வரைகிறவருக்குக் கணக்கு வேண்டாம். பானையின் வெயில் பக்கத்தை ஏறக்குறைய ஒரே வேல்யூவில், அதாவது ஒரே வெளிச்ச அளவில், விட்டுவிட்டு, நிழல் தொடங்கும் இடத்தில் மட்டும் திருப்பினால் போதும், மண் வந்துவிடும்.

நிழலில் இரண்டு வகை. பரப்பு தானே திரும்பிக்கொள்வதால் வரும் நிழல் ஒன்று, இன்னொரு பொருள் குறுக்கே நின்று மறைப்பதால் விழும் நிழல் ஒன்று. முதலாவதின் ஓரம் மெதுவாகக் கரையும். இரண்டாவதின் ஓரம் மறைக்கிற பொருளுக்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்த மாதிரி இருக்கும், தள்ளிப் போகப் போக மங்கும். இரண்டுக்கும் ஒரே மெத்தென்ற ஏர்பிரஷ்ஷை ஓட்டினால் படம் முழுக்கப் பஞ்சு பஞ்சாகிவிடும். அப்புறம், நிழல் என்றால் கறுப்பு இல்லை. வெயில் போகாத இடத்தில் வானமும் தரையும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்த பெரியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கன்னத்துக்குக் கீழே நீலத்தையும் தாடையோரம் ரோஸையும் துணிச்சலாக வைப்பார்கள். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போய்விட்டது. இப்படிச் சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பி வரும் பவுன்ஸ் லைட்டை அவர்கள் கையாண்ட விதத்தை யாராவது உட்கார்ந்து முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சரி, பிளாஸ்டிக் குடம். இங்கே வெளிச்சம் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி உள்ளே போய், சாயத்தில் பட்டு, பச்சையாகவோ ஊதாவாகவோ வெளியே வருகிறது. மீதி, நேராகப் பார்க்கும்போது சுமார் 4 சதவீதம், உள்ளே போகாமல் மேல்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. இந்த 4 சதவீதம் சாயத்தைத் தொடவே இல்லை என்பதால் அதற்குக் குடத்தின் நிறம் கிடையாது, வெளிச்சத்தின் நிறம்தான். பச்சைக் குடமானாலும் சிவப்புக் குடமானாலும் ஹைலைட், அதாவது பளிச்சிடும் புள்ளி, வெயில் நிறத்திலேயே இருக்கும். பச்சைக் குடத்துக்கு வெளிர்பச்சையில் ஹைலைட் வைத்தால் குடம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். புதுக் குடத்தில் அந்தப் புள்ளி சிறிதாக, கூர்மையாக இருக்கும். இரண்டு வருஷம் தேய்த்துக் கழுவிய குடத்தில் அதே வெளிச்சம் பரவிப்போய் மங்கலாக இருக்கும். நிறத்தை மாற்றாமல் ஹைலைட்டின் ஓரத்தை மட்டும் மாற்றி ஒரு குடத்தின் வயசைக் காட்டிவிடலாம். எனக்கு இந்த வேலையில் இன்றுவரை அலுக்காத சந்தோஷம் இது.

எவர்சில்வரில் கதையே வேறு. உலோகத்துக்குள் போன வெளிச்சம் நிறம் வாங்கி வெளியே வருவதில்லை. பட்டதில் பாதிக்கு மேல் அப்படியே திரும்புகிறது, மீதி உள்ளேயே அழிந்துவிடுகிறது. ஆக எவர்சில்வருக்கென்று சொந்த நிறமோ சொந்த நிழலோ கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் குடத்தை வரைவது என்றால் குடத்தைச் சுற்றியிருக்கும் தெருவைச் சுருக்கி வரைவது. வயிற்றின் மேல்பாதியில் வானம், அகன்ற நடுப்பகுதியில் வீடுகளின் வரிசை வளைந்து ஓடும் ஒரு கறுத்த பட்டை, அதற்குக் கீழே தரை. ஆனால் கழுத்துக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். கழுத்து உள்வாங்கிய வளைவு இல்லையா, அதன் மேல்பாதி கீழ்நோக்கிப் பார்க்கிறது, கீழ்பாதி மேல்நோக்கிப் பார்க்கிறது. அதனால் வாயோரத்துக்கு அடியில் தரையின் இருட்டு, அதற்குக் கீழே தோளில் வானத்தின் வெளிச்சம். இந்த ஒரு மாற்றத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் ஒரு கோடுகூட இல்லாமல் கழுத்து தானாக உள்ளே போகும். சாம்பல் நிறத்தை மேலிருந்து கீழே கிரேடியன்ட்டாக ஓட்டி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பவர்களுக்கு இரும்பும் வராது, எவர்சில்வரும் வராது, சிமென்ட் குடம்தான் வரும்.

செம்புக் குடம் இருந்தால் பக்கத்தில் வையுங்கள். செம்பு சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் திருப்புகிறது. அதனால் பிளாஸ்டிக்குக்கு நேர்மாறாக, இங்கே ஹைலைட்டுக்கும் நிறம் உண்டு. வானமே செம்பில் பழுப்பேறித்தான் தெரியும்.

பளபளப்புக்குள் வடிவம் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் என் தாய்மாமா. வியாசர்பாடிப் பக்கம் ஒரு ஷெட்டில் டிங்கரிங் வேலை செய்கிறார். லாரி, வேன், கார் எல்லாம் வரும். ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் ஏறிய பிறகு, கதவுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு ஓரமாகப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வண்டியப் பாக்காதடா. லைட்டப் பாரு. கோடு எங்க நெளியுதோ அங்கதான் ஒடுக்கு."

ஷெட் கூரையில் தொங்கும் டியூப்லைட் கார் கதவில் ஒரு நீள வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தலையை மெல்ல நகர்த்தினால் கோடும் கதவு மேல் நகர்கிறது. பரப்பு சரியாக இருக்கும் இடத்தில் கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. கை வைத்துத் தடவினாலும் அகப்படாத ஒரு பள்ளத்தின் மேல் வரும்போது கோடு இழுபட்டு, கிள்ளிவிட்ட மாதிரி சுருங்கி, மறுபடி நேராகிறது. மாமா அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிரதிபலிப்பு என்பது மேலே ஒட்டுகிற அலங்காரம் கிடையாது, வடிவத்தின் வரைபடமே அதுதான். பரப்பு வேகமாக வளையும் இடத்தில் ஹைலைட் ஒடுங்கும், மெதுவாக வளையும் இடத்தில் நீளும். அன்றிலிருந்து எந்தப் பளபளப்பான பொருளை வரைந்தாலும் மனதுக்குள் முதலில் ஒரு டியூப்லைட்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்கிறேன்.

துருவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துரு உலோகம் கிடையாது, உலோகம் செத்த இடம். அங்கே மண் பானையின் சட்டம்தான் செல்லும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். பெயின்ட், பெயின்ட் உரிந்து பளிச்சிடும் இரும்பு, துரு என்று மூன்று பொருள் ஒரே தகட்டில் இருக்கும். மூன்றுக்கும் ஒரே ஹைலைட்டை ஓட்டாமல், துருவின் மேல் ஹைலைட் அறுந்துபோனால் பாதி வேலை முடிந்தது.

ஈரம்தான் கஷ்டம். நனைந்த பொருள் ஒரே நேரத்தில் அதிக இருட்டாகவும் அதிக வெளிச்சமாகவும் ஆகிறது. சொரசொரப்பில் தண்ணீர் புகுந்ததும், பொருளுக்குள்ளிருந்து வெளியே வரப் பார்க்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீரின் மேல்தளத்தில் மோதி மறுபடி உள்ளேயே திரும்புகிறது. திரும்பத் திரும்ப உள்ளே போகிற வெளிச்சம் கரைந்துபோகிறது, அதனால் சொந்த நிறம் ஆழமாகிறது. மேலே தண்ணீர்ப் படலம் மட்டும் கண்ணாடி போல வழவழவென்று இருப்பதால் பளபளப்பு கூர்மையாகிறது. மழை விட்டதும் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். காலடியில் தார் கறுப்பாக இருக்கும், தூரத்தில் அதே தார் வானத்தையும் பஸ் விளக்கையும் வாங்கிக் கண்ணாடியாகியிருக்கும். தண்ணீரை நேராகப் பார்த்தால் திரும்பும் வெளிச்சம் 2 சதவீதம்தான், சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது நூறை நோக்கி ஏறும். ஃப்ரெனெல் என்கிற பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்கும் விதி இது. பிளாஸ்டிக் குடத்தின் ஓரங்களில் ஒரு மெல்லிய வெளிறிய பட்டை தெரிவதும் இதே விதியால்தான்.

இவ்வளவும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான். விடிகாலையில் போங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால் வெயில் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து தாழ்வாக வரும், எல்லாப் பொருளும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். பெயின்ட் உரிந்த விசைப்படகு, ஃபைபர் படகின் வழவழப்பு, குவியலாகக் கிடக்கும் நீல நைலான் வலை, உடைத்த ஐஸ், தண்ணீர் மேல் டீசல் படிந்து விரியும் வானவில். நோட்டும் பென்சிலும் எடுத்துப் போவேன். டேப்லெட்டை அங்கே வெளியே எடுக்க முடியாது, கூட்டம் அப்படி.

அங்கே மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒரு முறை, வாங்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்ற என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, அப்டியே பாத்துனே கீற? கண்ணு தெளிவா கீதா பாரு, செவுள தூக்கிப் பாரு, செவப்பா கீதா?" என்றார். அவர் சொன்னது மீன் வாங்க. எனக்கு வரையவும் அதுவே போதுமாக இருந்தது. புது மீனின் கண் புடைத்துத் தெளிவாக இருக்கும். மேல்படலத்தில் ஒரு கூர்மையான வெள்ளைப் புள்ளி, அதற்குள்ளே ஆழத்தில் கருவிழி, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி போன்ற இடம். நாள்பட்ட மீனில் கண் உள்வாங்கிப் பால் போல் மங்கிவிடும், புள்ளியும் மழுங்கும். வஞ்சிரத்தின் வயிற்று வெள்ளி சாயம் கிடையாது. மீன் தோலில் குவானின் என்கிற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்து வெளிச்சத்தைத் திருப்புகின்றன. ஆகவே வஞ்சிரத்தின் முதுகுக்குப் பிளாஸ்டிக்கின் சட்டம், வயிற்றுக்கு எவர்சில்வரின் சட்டம், இரண்டுக்கும் மேலே தண்ணீர். முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அந்த நீலம் வெள்ளியாகும் இடத்தை நான் இன்னும் வரைந்துகொண்டேதான் இருக்கிறேன்.

பச்சை இறால் இன்னொரு பாடம். வெளிச்சம் அதன் உடம்புக்குள் புகுந்து சிதறி மறுபக்கம் வருவதால், நிழல் பக்கமும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். ஓடு மெல்லிதான இடத்தில் நிழலின் ஓரமே காணாமல் போகும். உடைத்த ஐஸும் அப்படித்தான். நுணுக்கிய இடம் வெள்ளை, பாளமாக நிற்கும் இடம் பின்னாலிருப்பதைக் காட்டும் இருட்டு.

வீட்டுக்கு வந்து கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைத் திறந்தால் வேறொரு கஷ்டம் காத்திருக்கும். வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளின் பிரகாசத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் என் லேப்டாப்பின் உச்ச வெள்ளை. அதற்கு மேல் ஏற முடியாது. மீன் செதிலில் கண் கூசிய வெளிச்சத்தைக் கொண்டுவர ஒரே வழி, மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்குவது. வெள்ளைச் சட்டையைக்கூட 200-க்குக் கீழே வைத்துவிட்டு, 240-க்கு மேல் உள்ளதைச் செதிலுக்கும் தண்ணீருக்கும் மட்டும் ஒதுக்குவேன். இதை முதலிலேயே ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. பிரஷ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. துரு பிரஷ், செதில் பிரஷ், துணி பிரஷ் என்று நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன, கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவை நல்ல உதவி. அதற்கு முன்னால் ஓரம் கூர்மையான வட்டமான வெறும் ஹார்ட் ரவுண்ட் பிரஷ் ஒன்றே போதும். தூரத்திலிருந்து, கட்டைவிரல் நகம் அளவில் பார்த்தாலே இது எவர்சில்வர், இது மண் என்று தெரிய வேண்டும். அந்த அளவில் எந்த டெக்ஸ்சரும் கண்ணுக்குத் தெரியாது, வேல்யூவும் ஓரங்களும்தான் தெரியும்.

இதையெல்லாம் நான் எதற்காகப் படித்தேன் என்று கேட்டால், கடைசியில் நம் தோலுக்காகத்தான். நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை வெளிர் தோலுக்கு எழுதியவை. கன்னத்தில் சிவப்பு, காது நுனியில் ஆரஞ்சு, ஹைலைட்டை அடக்கி வை என்பார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து காசிமேட்டு மீனவர் ஒருவரின் தோளை வரைந்தால், நிறம் மட்டும் கறுப்பாகி, பொருள் தவறிவிடும். தோலின் மேல்பரப்பு திருப்பும் வெளிச்சம் எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நேராகப் பார்த்தால் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மாறுவது உள்ளே போய் வரும் வெளிச்சம். கறுத்த தோலில் மெலனின் என்கிற நிறமி அதை நிறைய உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளிருந்து வருவது குறைந்து, மேலிருந்து திரும்புவது குறையாமல் இருப்பதால், பளபளப்பு தெளிவாக எழுந்து நிற்கும். வடிவத்தைச் சொல்லும் பொறுப்பு நிழலிடமிருந்து பிரதிபலிப்புக்கு மாறுகிறது, மாமாவின் கார் கதவு போல. எலும்பு எங்கே திரும்புகிறது, தசை எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் ஹைலைட்டின் ஓட்டத்திலேயே தெரியும். அதன் மேல் வியர்வை வேறு.

அதனால் நான் கறுத்த தோல் வரையும்போது அடிநிறத்தைத் தேன் கலந்த பழுப்பிலிருந்து தொடங்கி, நிழலைக் கறுப்புக்குக் கொண்டுபோகாமல் சிவந்த காப்பிக்கொட்டை நிறத்தில் நிறுத்துகிறேன். வெட்டவெளி என்றால் தோளிலும் நெற்றியிலும் வானத்தின் நீலத்தைப் பயப்படாமல் வைக்கிறேன், தாடைக்குக் கீழே மணலின் மஞ்சளை. வெயில் நேராகத் திரும்பும் இடம் மட்டும் ஏறக்குறைய வெள்ளை, ஓரம் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கரைவு. உள்ளங்கை, உதட்டின் உட்பகுதி, நகம் இவற்றில் மெலனின் குறைவு, அங்கே மட்டும் வெளிர் தோல் பாடங்கள் பொருந்தும். நான் கலந்துவைத்திருக்கும் நிறங்களைக் கிரிட்டா பேலட் கோப்பாக வைத்திருக்கிறேன். காலை வெயிலுக்கு ஒன்று, டியூப்லைட்டுக்கு ஒன்று, தெரு சோடியம் விளக்குக்கு ஒன்று. வேண்டுபவர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். உச்சிவெயிலுக்கான பேலட் இன்னும் சரியாக வரவில்லை, யாராவது செய்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.